ஐம்பதாவது வீடியோ

அண்ணன் பரிதி தன் சேனலுக்கு வைத்திருந்த பெயர் 'ட்ரெய்லர் பரிதி'. புதுப்படத்தின் ட்ரெய்லர் வந்தால் போதும், இரண்டு மணி நேரத்துக்குள் அதை நிறுத்தி நிறுத்திக் காட்டி, படத்தின் கதை என்னவாக இருக்கும் என்று சொல்லிவிடுவான். எங்கள் தொகுப்பு வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. சுவரில் ஒரு கறுப்புத் துணி, ஒரு வட்ட விளக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேமராவும் எடிட்டிங்கும் இப்ராஹிம். திருவையாற்றில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் அவனுக்கு வேலை. கடையில் சொல்லிவிட்டு பைக்கில் வந்துவிடுவான்.

அண்ணன் பேசுவதை எழுதுவது நான். அது எங்கள் மூன்று பேருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

ப்ளஸ் ஒன் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மா இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த வருஷம் அது. அம்மா தேறி மறுபடி நடவுக்குப் போக ஆரம்பித்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு முதல் வரியே வெளியே வராது. இனி யாரும் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி. மிச்சம் இருந்த நோட்டுகளில் எழுத ஆரம்பித்தேன். அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் அவற்றை வைத்திருந்தேன்.

முன்னறையில் அண்ணனும் இப்ராஹிமும் பேசுவது அடுப்படிக்கு அப்படியே கேட்கும்.

"டேய், மூணாவது ஷாட்ட நிறுத்து. வில்லன் கையில புயலோட மோதிரம் பாரு."

"அப்ப டபுள் ரோலுடா."

"எப்பப் பாரு டபுள் ரோலு. போன படத்துக்கும் இதத்தான் சொன்ன. ஒத்த ரோலுக்கே அதுல கதை இல்ல."

"வாயக் கழுவுடா. எங்க ஆளப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி வாயக் கழுவு."

புயல் என்பது நடிகர் ருத்ரவேல். 'புயல் ருத்ரவேல்' என்றுதான் டைட்டில் வரும். அண்ணனுக்கு அவர்தான் எல்லாம். அம்மா மட்டும், "புயல்னு பேரு வச்சவன் ஒரு தரம் புயலடிக்கையில இந்த ஊர்ல வந்து படுத்திருக்கணும்" என்பாள்.

அவர்கள் பேசிவிட்டுப் போன பிறகு அதே ட்ரெய்லரை நான் அம்மாவின் போனில் பார்ப்பேன். பார்த்ததை எழுதுவேன். ஒரு காதல் படத்தின் ட்ரெய்லரில் கதாநாயகியின் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. ஒரு ஷாட்டில் மொட்டாக, ஒன்றில் விரிந்து, ஒன்றில் ஓரம் பழுத்து. பூவின் வாட்டத்தை வைத்து ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், கல்யாணக் காட்சி முதலில் வந்தது, அவள் பஸ் ஏறுவது கடைசியில் வந்தது. படம் முழுக்க ஒரே நாளில் நடக்கிறது, கல்யாணத்தன்றே அவள் போய்விடுகிறாள் என்று எழுதி வைத்தேன். சும்மாதான் எழுதினேன்.

அண்ணன் ஒரு நாள் அரிசி எடுக்கப் போய் நோட்டை எடுத்துவிட்டான். திட்டுவான் என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன். நின்றபடியே நாலு பக்கம் வாசித்துவிட்டு, "இந்தப் பூ விஷயம் நல்லாருக்கே, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. தலையாட்டினேன்.

படம் வந்தது. அப்படியேதான் இருந்தது. 'தஞ்சாவூர் பக்கத்துப் பையனுக்கு மூளைய பாருய்யா' என்று கமெண்ட் போட்டார்கள். 'பரிதி ப்ரோ, உங்க கண்ணு கண்ணு இல்ல, ஸ்கேன்' என்று ஒருவர். ஒவ்வொன்றையும் நான் வாசித்தேன். ஸ்கேன் என்று சொன்னது என் கண்ணை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்து என்ன?

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடியோவுக்கும் நான்தான் எழுதினேன். அவன் பேசுகிற மாதிரியே, 'நண்பர்களே' எல்லாம் போட்டு எழுதுவேன். அவன் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கேமராவுக்குப் பின்னால் போனை நிறுத்தி, பார்த்துப் படிப்பான். முன்கூட்டி வாசிக்க மாட்டான். வாசித்தால் ஃப்ரெஷ்ஷாக வராதாம்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"கடைசியில 'எழுத்து: செம்மொழி'ன்னு ஒரு வரி போடேன்."

"பொம்பளப்புள்ள பேரு போட்டா கீழ என்ன கமெண்ட் வரும்னு தெரியுமா உனக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பேரு மட்டும்தானே. போட்டோ வேணாம்."

அவன் போனைத் தடவிக்கொண்டே யோசித்தான். இப்ராஹிம்தான், "போடுடா, என்ன கெட்டுப்போச்சு. ஃப்ளெக்ஸுல சும்மா நிக்கிறவன் நாப்பது பேரு மூஞ்சியப் போடுறோம். எழுதுற புள்ள பேரப் போட மாட்டியா" என்றான்.

"சரி. அம்பதாவது வீடியோவுக்குப் போடுறேன். சத்தியமா."

அப்போது முப்பத்தொன்று ஆகியிருந்தது. அன்றிலிருந்து நோட்டுப் பக்கத்தின் மூலையில் எண் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்பது.

ஐம்பதாவது, புயல் ருத்ரவேலின் தீபாவளிப் படமாக அமைந்தது. படத்தின் பெயர் 'சேத்துக்காளை'. புயல் டெல்டா விவசாயியாக வருகிறார் என்று ஒரு வருஷமாகப் பேச்சு. ட்ரெய்லர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஏழு மணிக்கு லைவ் என்று அண்ணன் அறிவித்திருந்தான். இப்ராஹிம் முதல் நாளே கடைசி கார்டைச் செய்து கொண்டுவந்து லேப்டாப்பில் எனக்குக் காட்டினான். கறுப்பில் வெள்ளை எழுத்து. எழுத்து: செம்மொழி. "ஃபான்ட் புடிச்சிருக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன். வேறு ஃபான்ட் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மா அன்று ஐந்தரைக்கு வந்தாள். காலில் சேறு முழங்கால் வரை காய்ந்திருந்தது. விரலிடுக்கில் சேற்றுப்புண். கொல்லையில் கால் கழுவப் போகுமுன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி பாக்குற? காட்டு."

போனை அவள் பக்கம் சாய்த்தேன். வில்லனின் கார்கள் வந்தன. கோவில் கோபுரம் வந்தது. பிறகு வயல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புயல் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார். பின்னணியில் மேளம். குனிந்து நட்டபடியே கேமராவை நோக்கி எட்டு வைத்து எட்டு வைத்து வருகிறார்.

அம்மா சிரித்தாள். பல் தெரிய அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"யாருடி இவன்? முன்னாடி போறான் பாரு! நட்டத எல்லாம் அவனே மிதிச்சுக்கிட்டுல்ல போறான். பின்னாடி போயி நடணும்னுகூட இவனுக்கு ஒருத்தரும் சொல்லலியா?" கையால் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "எங்க கொத்துல எங்களோட நட்டான்னா முதுகுலயே நாலு போட்டு வரப்புல ஏத்தியிருப்போம்."

நான் ட்ரெய்லரைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். நட்ட நாற்றின் மேலேயே அடுத்த எட்டு. ஒரு ஷாட்டில் நாற்று சாய்ந்து சேற்றுக்குள் போவதுகூடத் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு தடவை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நான் வயலில் இறங்கியதில்லை. அண்ணனும் இறங்கியதில்லை. எங்கள் இரண்டு பேரையும் அம்மா வரப்போடு நிறுத்திவிடுவாள்.

ஆறு பக்கம் எழுதினேன். அதில் ஒரு பத்தி இது:

'இந்த ஷாட்ல ஒண்ணு கவனிங்க நண்பர்களே. நடவு நடுறவங்க பின்பக்கமாத்தான் போவாங்க. புயல் முன்பக்கமா போறாரு. நட்டத அவரே மிதிச்சுட்டுப் போறாரு. நம்ம டெல்டா ஜனங்க தியேட்டர்ல இதப் பாத்தா சிரிப்பாங்க.'

அம்மா சொன்னாள் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. எழுதி முடித்துவிட்டு, நல்ல வரி என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு லைவ் தொடங்கியது. நான் அடுப்படியில் நின்று அம்மாவின் போனில் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் முதலில் கேட்கும், போனில் கொஞ்சம் தாமதமாக வரும். அண்ணன் நல்ல குரலில் படித்துக்கொண்டே வந்தான். அந்தப் பத்தியையும் அதே கம்பீரத்தோடு படித்தான். படித்துவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி இரண்டு தடவை தலையை ஆட்டினான். இத்தனை வீடியோவில் நான் எழுதியது தப்பாகப் போனதில்லை. அந்தப் பழக்கம்.

இப்ராஹிம் களுக்கென்று சிரித்தது லைவிலேயே கேட்டது.

முதல் அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கமெண்ட்டுகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. 'யார்டா இவன்.' 'எவ்வளவு வாங்குன?' 'புயலையே மிதிக்கிறியா.' அவன் அம்மா, தங்கச்சி என்று இழுத்து வந்தவற்றை நான் எழுத மாட்டேன். அண்ணன் முகம் வெளுத்தது. "நண்பர்களே, நண்பர்களே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு லைவை நிறுத்தினான்.

கடைசி கார்டு வரவில்லை.

காலைக்குள் அந்தப் பத்து வினாடியை மட்டும் வெட்டி, எதிர் நடிகரின் ரசிகர்கள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். புயல் நடுகிறார், அண்ணன் குரல் வருகிறது, 'நட்டத அவரே மிதிச்சுட்டுப் போறாரு', கூடவே ஒரு கழுதை கத்துகிறது. அண்ணன் வீடியோவை அழித்துவிட்டான். அழித்ததால் இன்னும் பரவியது.

அன்று மத்தியானமே தஞ்சாவூரிலிருந்து ஆறு பைக் வந்தது. முதல் பைக்கில் சாமிதுரை. ருத்ரவேல் ரசிகர் மன்றத்துக்கு மாவட்டத் தலைவர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் புயலின் படம். அவர் கத்தவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மழை வந்து அன்று நடவு பாதியில் நின்றதால் அம்மாவும் வீட்டில் இருந்தாள். "நீங்க உக்காருங்கம்மா" என்று எங்கள் வீட்டு நாற்காலியையே அம்மாவுக்குப் போட்டார்.

"ஏன் தம்பி, நீயும் நம்ம ஆளுதானே? பேனருக்குப் பால் ஊத்துன போட்டோ இருக்கு உன் பேஜ்ல. எவன் எழுதிக் குடுத்தான் அத?"

அண்ணன் கறுப்புத் துணி முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"நான் எழுதலண்ணே. என் தங்கச்சி எழுதுனது."

"தங்கச்சியா?"

"சத்தியமாண்ணே. எல்லாமே அதுதான் எழுதும். நான் சும்மா படிப்பேன், அவ்வளவுதான். அதுக்கு ஒண்ணும் தெரியாது, பள்ளிக்கூடத்தப் பாதியில விட்ட புள்ள."

"பேரு என்ன?"

"செம்மொழி."

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டேன். எல்லாமே அதுதான் எழுதும். இத்தனை மாசமாக நான் கேட்க நினைத்த வார்த்தைகள், ஒன்று குறையாமல் இருந்தன.

கூப்பிட்டார்கள். போய் நின்றேன். ஐந்தாறு பேர் என்னைப் பார்த்தார்கள். யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

"நல்ல பேரும்மா" என்றார் சாமிதுரை. "ஆனா இத ஏம்மா எழுதுன? நீ என்னிக்காவது நடவுல இறங்கியிருக்கியா?"

"இல்ல."

"அப்பறம் முன்னாடி போறது தப்பு, பின்னாடி போறது ரைட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுப்பிவிட்ட மாதிரியே நின்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு எப்படியாவது அந்தப் பார்வைகள் என்னை விட்டுப் போக வேண்டும்.

"அம்மா சொன்னாங்க" என்றேன்.

எல்லாப் பார்வையும் நாற்காலிக்குத் திரும்பியது. அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. எங்கேயோ வழியில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி ஒரு கணம் பார்த்துவிட்டு, மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்படியாம்மா?" என்றார் சாமிதுரை.

"ஆமா தம்பி. சும்மா சிரிப்புக்குச் சொன்னது."

பின்னால் நின்ற ஒருவன், "மிஷின் நடவெல்லாம் முன்னாடிதானே போகுது? அப்ப அது தப்பா?" என்றான். இன்னொருவன், "கரெக்டு மச்சி, பாயிண்டு" என்றான்.

அம்மா தலை நிமிராமலே, "மிஷினு வால் பக்கத்துல நடும் தம்பி. அதுக்கு முன்னாடி போலாம்" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

சாமிதுரை ரொம்பப் பொறுமையாக விளக்கினார். பெரிய பிரச்சினை எதுவும் ஆகாது. ஒரு சின்ன வீடியோ. புள்ள மன்னிப்புக் கேட்கட்டும். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னாடி போயும் நடலாம், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பசங்க அடங்கிவிடுவார்கள். "முப்பது வருஷம் நட்ட அம்மாவே சொல்லிட்டாங்கன்னா அப்பறம் எவன் பேசுவான்?"

"எழுதிக்க" என்று அண்ணன் என்னிடம் நோட்டை நீட்டினான். என் மன்னிப்பையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. மூலையில் ஐம்பத்தொன்று என்று போடப்போய், போடாமல் விட்டேன்.

இப்ராஹிமுக்குப் போன் போனது. கடையிலிருந்து வந்தவன் யாரிடமும் பேசாமல் விளக்கைப் பொருத்தினான். நான் நாற்காலியில். அம்மா பக்கத்தில் ஸ்டூலில். என் குரல் மைக்குக்கு எட்டவில்லை. "சத்தமா, பாப்பா" என்றார்கள். நாலு தடவை எடுத்தார்கள். நாலாவது தடவை சரியாக வந்தது.

"வணக்கம். என் பேரு செம்மொழி. நேத்து 'ட்ரெய்லர் பரிதி' சேனல்ல வந்த வீடியோவ எழுதுனது நான்."

அந்த இரண்டு வரி மட்டும் உண்மை. மீதியை நான் இங்கே எழுதவில்லை.

அம்மாவுக்கு ஒரே தடவைதான். ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நாத்து முன்னாடி போயும் நடலாங்க. நான் தெரியாமச் சொல்லிப்புட்டேன்."

"சூப்பர்மா" என்றார் சாமிதுரை. எழுந்து கும்பிட்டார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றாள் அம்மா. எட்டு கிளாஸ் டீ நான் போட்டேன்.

எங்கள் சேனலில் அதுவரை வந்த எல்லா வீடியோவையும்விட அதை அதிகம் பேர் பார்த்தார்கள். தலைப்பில் என் பெயர் இருந்தது: 'புயலிடம் மன்னிப்புக் கேட்ட செம்மொழியும் தாயாரும்'. அம்மாவுக்கு அம்சம் என்று ஒரு பெயர் இருப்பது அதில் இல்லை. 'பாவம் அந்தப் பொண்ணு, நல்லா எழுதுதுப்பா' என்று சிலர் போட்டிருந்தார்கள். 'இனி அதையே எழுதச் சொல்லுங்க, பேரோட' என்று ஒருவர். அதற்கு நிறைய லைக்.

அண்ணன் நாலு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் 'சேத்துக்காளை'யின் இரண்டாவது ட்ரெய்லர் வந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"எழுதுறியா? இந்தத் தடவ பேரு போட்டுருவோம். கேக்குறாங்க."

நான் அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன்.

"நல்லதா மட்டும் எழுது. போதும்."

அந்த ட்ரெய்லரிலும் அதே வயல் காட்சி இருந்தது. இன்னும் நீளமாக, மெதுவாக. 'மண்ணோடு பிறந்தவர்தான் இப்படி நட முடியும் நண்பர்களே' என்று எழுதினேன். எழுதும்போது கை நிற்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலை வீடியோ வந்தது. கடைசியில் கறுப்பில் வெள்ளை எழுத்து, அதே ஃபான்ட். எழுத்து: செம்மொழி. மூன்று வினாடி இருந்தது. நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அம்மாவின் தூக்குச்சட்டியில் சோறு போட்டுக்கொண்டு, போனையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அம்மாவுக்கு என் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

வரப்பில் போய் நின்றேன். பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எல்லாருடைய முதுகும் என் பக்கம். நட்டு நட்டு, ஒவ்வோர் எட்டாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே நாற்று நேராக நின்றது. ஒன்றுகூட மிதிபடவில்லை.

"ஏ அம்சம், நீ ஏன் பின்னாடி வர்ற? முன்னாடி போயி நடேன் பாப்போம்" என்றாள் ஒருத்தி.

"அது வீடியோவுல சொன்னதுடி. கூலிக்கு நடறப்ப பின்னாடிதான்" என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது. வயலில் அம்மாவோடு இருபது வருஷமாக நடுபவர்கள் அவர்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த நாற்றுமுடியைப் பிரித்து, சேற்றில் விரலை ஊன்றி, ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள். மறுபடி. மறுபடி. என்னைப் பார்க்காமலே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் முதுகு நனைந்து ரவிக்கை ஒட்டியிருந்தது. போன் என் கையில் சூடாக இருந்தது.

குதிகால் வரப்பில் இடித்ததும் நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்துத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்."

என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "என்னது, எதாச்சும் காட்டணுமா?"

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இல்லம்மா. சோறு" என்றேன்.